கொங்கு நாட்டு எறும்புகளில் வோல்பாக்கியாவைத் தேடுவது எப்படி? கூட்டிலிருந்து ஜெல் வரை முழுமையான வழிகாட்டி

எறும்பின் உயிரணுக்களுக்குள் வோல்பாக்கியா என்ற பாக்டீரியா குடியிருக்கிறதா என்று, டிஎன்ஏவின் குறிப்பிட்ட துண்டைப் பல மடங்கு பெருக்கும் பிசிஆர் முறை மூலம் பார்க்கலாம். "இருக்கிறது" என்று விடை வந்தால் அதை உறுதிப்படுத்திக்கொள்ள வழிகள் உண்டு. "இல்லை" என்ற விடைதான் ஆளை ஏமாற்றும். பெருக்கிய துண்டு, மின்சாரம் செலுத்திய ஜெல்லில் கோடு போன்ற பட்டையாகத் தெரியும். அது தெரியாமல் போகப் பல காரணங்கள் இருக்கின்றன: டிஎன்ஏ சிதைந்திருக்கலாம், நொதி வேலை செய்யாமல் இருந்திருக்கலாம், எறும்பின் வயது சரியில்லாமல் இருக்கலாம். எறும்பில் பாக்டீரியா இல்லை என்பது அவற்றில் ஒன்றுதான். மற்றக் காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கிய பிறகே "இல்லை" என்று எழுதும் உரிமை நமக்கு வருகிறது. கீழே உள்ள படிகளின் வரிசை இதற்காகவே அமைந்தது.

பிப்பெட் பிடிக்கத் தெரிந்த கல்லூரி மாணவர்களையும், அவர்களை வழிநடத்தும் ஆசிரியர்களையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன். தெர்மோசைக்ளர், மையவிலக்குக் கருவி, ஜெல் பெட்டி, ஃப்ரீசர் ஆகிய நான்கும் உள்ள ஆய்வகம் போதும்.

1. முதலில் கேள்வியைச் சுருக்குங்கள்

"எறும்பில் என்னென்ன பாக்டீரியா இருக்கிறது?" என்பது வேறு ஆய்வு. நமது கேள்வி, "இந்தக் கூட்டின் எறும்புகளில் வோல்பாக்கியா இருக்கிறதா?" என்பது. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் எல்லாப் பாக்டீரியாக்களையும் பிடிக்கும் பொது 16எஸ் ப்ரைமரை வாங்கிவிடுகிறார்கள் (16எஸ் என்பது எல்லாப் பாக்டீரியாவிலும் உள்ள ஒரு மரபணு; ப்ரைமர் என்பது பெருக்க வேண்டிய துண்டின் முனையில் ஒட்டும் சிறு டிஎன்ஏ இழை). அதைக் கட்டெறும்பில் போட்டால் கட்டாயம் பட்டை வரும். கட்டெறும்பு சேர்ந்த கேம்போனோட்டஸ் பேரினத்தில் பிளாக்மான்னியா என்ற வேறொரு பாக்டீரியா எறும்பின் குடல் சுவரில் நிரந்தரமாக வாழ்கிறது. அது எறும்புக்கு அமினோ அமிலங்களைத் தயாரித்துக் கொடுக்கும் கூட்டாளி. அந்தப் பட்டையைக் காட்டி வோல்பாக்கியா கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எத்தனை எறும்பு வேண்டும் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். ஒரு தொகையில் பாதி எறும்புகளில் பாக்டீரியா இருந்தால், ஐந்தைச் சோதித்தாலே ஒன்றிலாவது அகப்படும் வாய்ப்பு 95 சதவீதத்தைத் தாண்டும். பத்தில் ஒன்றில்தான் இருக்கிறது என்றால், அதே உறுதிக்கு 29 எறும்புகள் வேண்டும். ஆனால் இந்தக் கணக்கு ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத எறும்புகளுக்குத்தான் பொருந்தும். வோல்பாக்கியா தாயின் முட்டை வழியாகப் பிள்ளைக்குப் போகிறது. ஒரே ராணியின் மகள்கள் 29 பேரைச் சோதித்தால் பெரும்பாலும் ஒரே விடையையே திரும்பத் திரும்பக் கேட்கிறோம். ஆகவே ஒரு கூட்டில் பலவற்றைவிடப் பல கூடுகளில் சிலவற்றை எடுப்பதே பயன் தரும். கூட்டுக்கு ஐந்து வீதம், முடிந்த அளவு அதிகமான கூடுகள் என்று திட்டமிடுங்கள்.

2. எறும்பு பிடிக்கும் முன்பே கையில் இருக்க வேண்டியவை

பலர் எறும்பைப் பிடித்து வந்த பிறகு ப்ரைமருக்கு ஆர்டர் கொடுக்கிறார்கள். அது வந்து சேர்வதற்குள் மாதிரிகள் கெட்டுப்போகின்றன. முதலில் வேதிப்பொருள்கள், கடைசியில் எறும்பு.

ப்ரைமர் இரண்டு இணைகள் வேண்டும். முதலாவது டபிள்யூஸ்பெக் எஃப், டபிள்யூஸ்பெக் ஆர். இது வோல்பாக்கியாவின் 16எஸ் மரபணுவில் 438 கார இணை (டிஎன்ஏ நீளத்தின் அலகு) நீளமுள்ள துண்டைப் பெருக்கும். இரண்டாவது எல்சிஓ1490, எச்சிஓ2198. இது பூச்சியின் சொந்த மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து ஏறக்குறைய 710 கார இணைத் துண்டைப் பெருக்கும். இந்த இரண்டாவது இணை வீண்செலவு என்று நினைப்பவர்கள் உண்டு. எறும்பின் டிஎன்ஏ நல்ல நிலையில் குழாய்க்குள் இருக்கிறது என்று சொல்லும் சாட்சி அது ஒன்றுதான். அது இல்லாமல் எந்த "இல்லை"யையும் நம்ப முடியாது.

ப்ரைமர் உலர்ந்த தூளாக வரும். மூடியைத் திறப்பதற்கு முன் குழாயை மையவிலக்கில் ஒரு சுற்று சுற்றுங்கள். இல்லையென்றால் மூடியில் ஒட்டியிருக்கும் தூள் காற்றோடு போய்விடும். சீட்டில் உள்ள நானோமோல் எண்ணைப் பத்தால் பெருக்கி, அத்தனை மைக்ரோலிட்டர் டிஇ பஃபர் சேர்த்தால் 100 மைக்ரோமோலார் கரைசல் கிடைக்கும். அதில் பத்துக்கு ஒன்று என்று நீர்த்ததைத்தான் அன்றாடம் பயன்படுத்த வேண்டும். மூலக் கரைசலை ஃப்ரீசரிலிருந்து அடிக்கடி வெளியே எடுக்கக் கூடாது.

பதப்படுத்த 95 சதவீதத்துக்கு மேற்பட்ட எத்தனால் நல்லது. அது கலால் கட்டுப்பாட்டில் உள்ள பொருள் என்பதால் கல்லூரி வழியாகத்தான் வாங்க முடியும், நாளாகும். அதற்காக மருந்துக்கடைக் கைக்கழுவியையோ, மெருகு வேலைக்கு விற்கும் நிறமேற்றிய ஸ்பிரிட்டையோ எடுக்க வேண்டாம். அவற்றில் கலந்துள்ள மற்றப் பொருள்கள் பின்னால் பிசிஆரைக் கெடுக்கலாம். எத்தனால் கிடைக்காவிட்டால் தூய அசிட்டோன் வாங்குங்கள். பூச்சிகளின் டிஎன்ஏவும் அவற்றுக்குள் இருக்கும் பாக்டீரியாவின் டிஎன்ஏவும் அதில் நன்றாகவே நிலைக்கின்றன. பாலிஸ்டைரீன் புட்டிகளை மட்டும் அசிட்டோன் கரைத்துவிடும். பாலிபுரொப்பிலீன் குழாய்கள் தாங்கும். ஃபார்மலின் எந்த நிலையிலும் கூடாது. அது டிஎன்ஏவைப் பிணைத்துச் சிதைக்கும்.

கடைசியாக, சோதனை சரியாக வேலை செய்கிறது என்று காட்ட, வோல்பாக்கியா உள்ளது என்று தெரிந்த ஒரு பூச்சி வேண்டும். இதற்கு வெளியூர் தேட வேண்டியதில்லை. சாக்கடையில் பெருகி இரவில் வீட்டுக்குள் கடிக்க வரும் கியூலெக்ஸ் குயின்க்யூஃபேசியேட்டஸ் கொசுவில் வோல்பாக்கியா பரவலாக உண்டு. ஏழெட்டுக் கொசுக்களைப் பிடித்து எத்தனாலில் போட்டு வையுங்கள். பாக்டீரியா இல்லாத பூச்சியாக ஏடிஸ் கொசுவை வைத்துக்கொள்ளலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். வேண்டாம். பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏடிஸ் எஜிப்டியிலும் வோல்பாக்கியா இயல்பாகக் காணப்பட்டதாக 2019இல் வெளியிட்டிருக்கிறார்கள். வெறும் தண்ணீரே நம்பகமான எதிர்மறைச் சாட்சி.

3. எங்கே பிடிப்பது, யாரைக் கேட்பது

சிறுவாணி, ஆனைகட்டி, வெள்ளியங்கிரிச் சரிவு, டாப்சிலிப், சத்தியமங்கலம் காடு என்று மனம் போகும். இவையெல்லாம் வனத்துறையின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் ஓர் எறும்பைக்கூட எடுக்கக் கூடாத இடங்கள். முதல் முறை செய்பவர்களுக்குத் தோட்டங்களே போதும். அங்கேயே ஏராளமான இனங்கள் இருக்கின்றன.

பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத் தோப்புகளில் மாவிலும் கொய்யாவிலும் முசுறு இலைகளைத் தைத்துக் கூடு கட்டியிருக்கும். காங்கேயம், தாராபுரம் பக்கம் கிளுவை வேலி போட்ட கொரங்காடுகளில் (மேய்ச்சல் நிலங்களில்) கல்லைப் புரட்டினால் கட்டெறும்பும் சிற்றெறும்பும் இருக்கும். கோபியின் வாய்க்கால் கரைகளில் இன்னும் வேறு இனங்கள். தோட்டத்துக்காரரிடம் என்ன செய்யப் போகிறோம் என்று சொல்லி அனுமதி வாங்குங்கள். அப்போதே கடைசியாக எப்போது மருந்து அடித்தார்கள் என்றும் கேளுங்கள். மருந்தடித்த சில நாட்களில் கிடைப்பவை பெரும்பாலும் செத்துக் காய்ந்த எறும்புகள். அவற்றின் டிஎன்ஏ வெயிலில் சிதைந்திருக்கும்.

மாதிரிகளையோ டிஎன்ஏவையோ வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால், 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தின் விதிகளை முதலில் பாருங்கள். அதற்கான தேசிய ஆணையம் சென்னையில்தான் இருக்கிறது. டிஎன்ஏவின் எழுத்து வரிசையைப் படிக்கும் வேலையை இந்தியாவுக்குள்ளேயே செய்து கொடுக்கும் நிறுவனங்கள் இருப்பதால் பெரும்பாலும் அந்தத் தேவை வராது.

4. பிடித்தல்: எந்த எறும்பு, எந்த வயது

புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். கண்ணில் படும் எறும்பு என்பது கூட்டுக்கு வெளியே இரை தேட வந்த முதிய வேலைக்கார எறும்பு. அதைப் பிடிப்பது எளிது. ஆனால் நமது கேள்விக்கு அது மிக மோசமான சாட்சி. சில எறும்பு இனங்களில் ராணியிலும் கூட்டுப்புழுவிலும் இருக்கும் வோல்பாக்கியா, வேலைக்கார எறும்பு வளர்ந்து முதிரும்போது குறைந்து மறைந்துவிடுகிறது. ஃபார்மிகா ட்ரன்கோரம் என்ற ஐரோப்பிய எறும்பில் இதைக் காட்டியிருக்கிறார்கள். வேலைக்கார எறும்பு பொதுவாக அடுத்த தலைமுறையைப் பெறுவதில்லை என்பதால், பாக்டீரியாவின் பார்வையில் அந்த உடல் போய்ச்சேரும் இடமில்லாத பாதை. ஆகவே வெளியே திரியும் எறும்பில் மட்டும் தேடி "இல்லை" என்றால் அந்தக் கூட்டைப் பற்றி எதுவும் தெரியாது.

தேர்வின் வரிசை இது: ராணி அல்லது இறகு முளைத்த பெண் முதலில், கூட்டுப்புழு அடுத்து, நிறம் வெளுத்த இளம் வேலைக்கார எறும்பு அதற்கடுத்து, வெளியே திரிபவை கடைசி. கூட்டுப்புழுவுக்கு இன்னொரு பெருமையும் உண்டு: அது எதையும் தின்பதில்லை. ஏன் அது முக்கியம் என்பதை அடுத்த பகுதியில் சொல்கிறேன்.

முசுறின் கூட்டுப்புழு வெறும் உடம்போடு வெள்ளையாக இருக்கும். புழுக்கள் தரும் பட்டு கூடு தைக்கவே செலவாகிவிடுகிறது. கட்டெறும்பின் கூட்டுப்புழு பழுப்பு உறைக்குள் இருக்கும். பொதுவாக "எறும்பு முட்டை" என்று சொல்லப்படுவது பெரும்பாலும் இந்த உறையைத்தான். உறையைப் பிரித்து உள்ளே இருப்பதை எடுக்க வேண்டும்.

இறகு முளைத்த ராணிகளுக்குக் கோடை மழையையும் ஐப்பசி மழையையும் அடுத்த மாலைகளில் விளக்கடியில் பாருங்கள். அங்கே ஈசலும் வரும். ஈசல் கறையான், எறும்பு அல்ல. இடுப்பு ஒடுங்கியிருந்து, உணர்கொம்பு முழங்கைபோல் மடங்கி, முன் இறகு பின் இறகைவிட நீளமாக இருந்தால் எறும்பு. நான்கு இறகுகளும் ஒரே நீளம், இடுப்பு தடித்தது, உணர்கொம்பு நேரானது என்றால் ஈசல். மழை நாளில் ஒரு புட்டி நிறைய ஈசலைக் கொண்டு வருபவர்கள் ஒவ்வொரு குழுவிலும் இருக்கிறார்கள்.

முசுறுக் கூட்டை எடுக்கும்போது முழுக்கைச் சட்டையும் கையுறையும் போடுங்கள். கூட்டின் மேல் பாலித்தீன் பையைக் கவிழ்த்து, வாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கிளையைக் கத்தரியுங்கள். வாயால் உறிஞ்சும் குழாயை முசுறுக்கும் கட்டெறும்புக்கும் பயன்படுத்தக் கூடாது. இவை பீய்ச்சும் ஃபார்மிக் அமில ஆவி நேரே தொண்டைக்குப் போகும். மென்மையான இடுக்கியோ தூரிகையோ போதும்.

முசுறில் இன்னொரு சிக்கல்: ஒரே குடும்பம் பக்கத்துப் பக்கத்து மரங்களில் பல கூடுகளைக் கட்டியிருக்கும். ஐந்து மரங்களில் ஐந்து கூடு எடுத்தாலும் அது ஒரே குடும்பமாக இருக்கலாம். சந்தேகம் இருந்தால் இரண்டு கூடுகளின் எறும்புகள் சிலவற்றை ஒரு புட்டியில் சேர்த்து விடுங்கள். கடித்துக்கொண்டால் வேறு குடும்பம். உணர்கொம்பால் தடவிவிட்டு விலகினால் ஒரே குடும்பம் என்று வைத்துக்கொண்டு, அவற்றை ஒரே மாதிரியாகக் கணக்கிடுங்கள்.

குழாயின் மேல் பேனாவால் மட்டும் எழுதினால் எத்தனால் அதை அழித்துவிடும். தேதி, ஊர், மரம் அல்லது மண், கூட்டு எண் ஆகியவற்றைப் பென்சிலால் சிறு தாளில் எழுதிக் குழாய்க்குள்ளேயே போடுங்கள்.

5. பட்டினி போடுங்கள், பிறகு பதப்படுத்துங்கள்

எறும்பு தின்ற இரையிலும் வோல்பாக்கியா இருக்கலாம். காலையில் ஓர் ஈயைத் தின்ற எறும்பை மதியம் அரைத்தால், ஈயின் பாக்டீரியாவை எறும்பின் கணக்கில் எழுதிவிடுவோம். பொள்ளாச்சித் தோப்புகளில் இது நிஜமான ஆபத்து. 2016இல் அங்கே கண்டறியப்பட்ட சுருள் வெள்ளை ஈ தென்னையில் பரவியதிலிருந்து, அதன் தேன்கழிவைத் தேடி எறும்புகள் ஓலையடியில் கூடுகின்றன. வெள்ளை ஈ இனங்கள் பலவற்றில் வோல்பாக்கியா இருக்கிறது. மாவுப்பூச்சிகளைக் காவல் காக்கும் எறும்புகளிலும் இதே கவனம் தேவை.

வளர்ந்த எறும்புகளை உயிரோடு காற்றோட்டமுள்ள புட்டியில், சர்க்கரைத் தண்ணீர் நனைத்த பஞ்சை மட்டும் கொடுத்து, இரண்டு நாள் நிழலில் வையுங்கள். குடல் பெருமளவு காலியாகும். கூட்டுப்புழுவுக்கு இது தேவையில்லை, அன்றே பதப்படுத்தலாம்.

கரூர், ஈரோட்டுப் பக்கம் கோடையில் வெயில் 40 டிகிரியைத் தொடும். மூடிய காருக்குள் விட்ட எறும்பு சாவதோடு, அதன் டிஎன்ஏவும் சில மணி நேரத்தில் சிதையத் தொடங்கும். ஐஸ் பெட்டி இல்லாமல் தோட்டத்துக்குப் போக வேண்டாம்.

எறும்பின் அளவைப்போல் குறைந்தது பத்து மடங்கு எத்தனால் இருக்கட்டும். ஒரு குழாயில் எறும்பை அடைத்து நிரப்பினால், அவற்றின் உடல் நீரே எத்தனாலை நீர்த்துவிடும். மறுநாள் பழையதைக் கொட்டிப் புதிதாக மாற்றி, மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள்.

6. அரைக்கும் முன் அடையாளம்

அரைத்த எறும்புக்கு முகம் இல்லை. ஒவ்வொரு கூட்டிலிருந்தும் மூன்று நான்கு முழு எறும்புகளைச் சாட்சி மாதிரியாக எத்தனாலிலேயே விட்டுவிடுங்கள். தலை, பக்கவாட்டு உடல், இடுப்புக் கணு ஆகிய மூன்றையும் நுண்ணோக்கி வழியாகப் படம் எடுங்கள். இடுப்பில் ஒரு கணுவா இரண்டு கணுவா என்பதிலிருந்தே துணைக் குடும்பத்தைப் பாதி தீர்மானிக்கலாம். பேரினம் வரை சரியாகச் சொன்னால் போதும். இனப்பெயரை ஊகித்து எழுதுவதைவிட "கேம்போனோட்டஸ், இனம் உறுதியில்லை" என்று எழுதுவது நேர்மையானது.

7. டிஎன்ஏவைப் பிரித்தல்

எறும்பை எத்தனாலிலிருந்து எடுத்து, ஒரு சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டில் அரை நிமிடம் நனைத்து, சுத்திகரித்த நீரில் மூன்று முறை அலசுங்கள். மேல்தோலில் ஒட்டிய அந்நிய டிஎன்ஏவை அழிக்கத்தான் இது. பிறகு வடிதாளின் மேல் முழுவதும் காய விடுங்கள். ஈரமாக மிஞ்சும் எத்தனால் அடுத்த நொதிகளைத் தடுக்கும்.

சிறிய எறும்பை முழுதாக எடுக்கலாம். கட்டெறும்பு, முசுறு போன்றவற்றில் வயிற்றின் நுனியில் அமிலப்பை இருக்கிறது. அமிலம் டிஎன்ஏவை அரிக்கும். நுனியைக் கத்தரித்து எறிந்துவிட்டு, குடலையும் இடுக்கியால் இழுத்து அகற்றிவிட்டு மிச்சத்தை எடுங்கள். ராணியென்றால் சூலகத்தைத் தனியாக எடுப்பதே சிறந்தது. வோல்பாக்கியா அடர்ந்திருக்கும் இடம் அது.

கரைசலின் அளவு: டிரிஸ் 100 மில்லிமோலார், அமிலத்தன்மைக் குறியீடு 8, சோடியம் குளோரைடு 100 மில்லிமோலார், ஈடிடிஏ 20 மில்லிமோலார், எஸ்டிஎஸ் ஒரு சதவீதம். டிரிஸ் இவ்வளவு இருப்பது மிச்சமிருக்கும் அமிலத்தைத் தாங்கத்தான். 200 மைக்ரோலிட்டர் கரைசலில் எறும்பைப் பிளாஸ்டிக் உலக்கையால் நன்றாக அரையுங்கள். தோல் உடையாவிட்டால் உள்ளே இருப்பது வெளியே வராது. இரண்டு மூன்று துண்டாக்கிவிட்டு அரைத்ததாக நினைப்பது வழக்கமான பிழை. மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம் அளவுள்ள புரோட்டினேஸ் கே நொதியில் 5 மைக்ரோலிட்டர் சேர்த்து, 56 டிகிரியில் குறைந்தது மூன்று மணி நேரம் வையுங்கள். இரவு முழுவதும் வைத்தால் இன்னும் நல்லது.

அடுத்து, செறிவான உப்புக் கரைசல் 70 மைக்ரோலிட்டர் சேர்த்துக் குலுக்கி, 12,000 சுற்று வேகத்தில் பத்து நிமிடம் சுற்றுங்கள். புரதம் அடியில் படியும். மேல்நீரை மட்டும் புதுக் குழாய்க்கு மாற்றுங்கள். கடைசித் துளி வரை உறிஞ்ச ஆசைப்பட்டால் படிவும் கூடவே வரும், கொஞ்சம் விட்டுவிடுங்கள். அதே அளவு குளிர்ந்த ஐசோபுரொப்பனால் சேர்த்து, மைனஸ் 20 டிகிரியில் அரை மணி வைத்து, மீண்டும் பத்து நிமிடம் சுற்றுங்கள். ஓர் எறும்பின் டிஎன்ஏ வில்லை கண்ணுக்குத் தெரியாமலே இருக்கும். ஆகவே குழாயின் கீல் எப்போதும் வெளிப்பக்கம் இருக்கும்படி வைத்தால், வில்லை எந்தப் பக்கம் ஒட்டியிருக்கும் என்று பார்க்காமலே தெரியும். 70 சதவீத எத்தனாலால் இரண்டு முறை கழுவிக் காயவைத்து, 50 மைக்ரோலிட்டர் தண்ணீரில் கரையுங்கள். கழுவுவதில் அவசரப்பட்டால் எஸ்டிஎஸ் மிஞ்சி பிசிஆரை நிறுத்திவிடும்.

ஒவ்வொரு முறையும் எறும்பே போடாத ஒரு குழாயை முதல் படி முதல் கடைசிப் படி வரை கூடவே நடத்துங்கள். ஒரு கொசுவையும் அப்படியே நடத்துங்கள். இந்த இரண்டும் இல்லாத நாளில் செய்த வேலையை நான் கணக்கில் எடுப்பதில்லை.

8. பிசிஆர்

ஒரு குழாய்க்கு 25 மைக்ரோலிட்டர்: இரட்டைச் செறிவு மாஸ்டர் மிக்ஸ் 12.5, இரு ப்ரைமர்களிலும் ஒவ்வொரு மைக்ரோலிட்டர், டிஎன்ஏ 2, மிச்சம் 8.5 சுத்த நீர். வோல்பாக்கியா ப்ரைமருக்கு ஒரு குழாய், எறும்பின் ப்ரைமருக்குத் தனிக் குழாய். இரண்டையும் ஒரே குழாயில் போட்டுச் செலவைக் குறைக்கலாம். ஆனால் எறும்பின் டிஎன்ஏ மிகுதியாகவும் பாக்டீரியாவின் டிஎன்ஏ குறைவாகவும் இருக்கும்போது முன்னது பின்னதை அமுக்கிவிடும். தொடக்கத்தில் தனித்தனியே செய்யுங்கள்.

சூட்டு வரிசை: 94 டிகிரியில் இரண்டு நிமிடம், பிறகு 94 டிகிரியில் 30 நொடி, 55 டிகிரியில் 45 நொடி, 72 டிகிரியில் ஒரு நிமிடம் என்று 30 சுழற்சி, கடைசியில் 72 டிகிரியில் பத்து நிமிடம். எறும்பின் ப்ரைமர் 55 டிகிரியில் ஒட்டாவிட்டால் 49 வரை இறக்கிப் பாருங்கள். பட்டை மங்கலாக இருக்கிறதென்று சுழற்சியை 40க்கு ஏற்ற வேண்டாம். அப்போது, டிஎன்ஏவுக்குப் பதில் தண்ணீர் மட்டும் சேர்த்து எதிர்மறைச் சாட்சியாக வைக்கும் தண்ணீர்க் குழாயிலும் பட்டை வரத் தொடங்கும்.

நாளின் வரிசையும் முக்கியம். காலையில் பிசிஆர் கலவை, மாலையில் ஜெல். ஜெல்லில் கைவைத்த பிறகு அன்று மீண்டும் கலவை செய்யக் கூடாது. பெருக்கிய குழாய் ஒன்றைத் திறக்கும்போது கோடிக்கணக்கான பிரதிகள் காற்றில் பரவுகின்றன. அவற்றில் சில அடுத்த கலவையில் விழுந்தால் எல்லா எறும்புக்கும் நோய் வந்துவிட்டது போல் தெரியும். கலவைக்கும் ஜெல்லுக்கும் வெவ்வேறு பிப்பெட், வெவ்வேறு மேசை. டிஎன்ஏ சேர்க்கும்போது தண்ணீர்க் குழாயை எல்லாவற்றுக்கும் கடைசியாக மூடுங்கள். இடையில் நடந்த தவறு அதில் பிடிபடும்.

மின்வாரியம் அறிவிக்கும் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளை நாளிதழில் பார்த்துவிட்டுத் திட்டமிடுங்கள். ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஓடும் கருவி நடுவில் நின்றால் அந்தக் குழாய்களை எறிய வேண்டியதுதான். அன்று ஃப்ரீசரையும் திறக்காதீர்கள். மூடியே இருந்தால் குளிர் பல மணி நேரம் தாங்கும்.

9. ஜெல்

ஒன்றரை சதவீத அகரோஸ், 100 வோல்ட், ஏறக்குறைய 40 நிமிடம். ஓரத்தில் 100 கார இணை ஏணி (பட்டைகளின் நீளத்தை ஒப்பிட்டு அளக்க உதவும், நீளம் தெரிந்த துண்டுகளின் கலவை). எத்திடியம் புரோமைடு மரபணுவைப் பாதிக்கும் பொருள். பாதுகாப்பான மாற்றுச் சாயங்கள் கிடைக்கும்போது மாணவர்கள் கையில் அதைக் கொடுக்க வேண்டாம். படம் எடுக்கும்போது ஏணியும், தண்ணீர், எறும்பில்லாதது, கொசு ஆகிய எல்லாச் சாட்சிக் குழாய்களும் ஒரே படத்தில் தெரிய வேண்டும். வெட்டிய படத்தை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது.

10. பட்டையைப் படிக்கும் வரிசை

கண் நேரே எறும்பின் பட்டைக்குத்தான் போகும். அதைத் தடுத்து முதலில் தண்ணீர்க் குழாயைப் பாருங்கள். அதிலோ, எறும்பில்லாமல் நடத்திய குழாயிலோ பட்டை இருந்தால் அன்றைய ஜெல் முழுவதும் செல்லாது; மற்றதைப் படிக்காமலே மூடிவிடுங்கள். அடுத்து கொசு. அதில் 438இல் பட்டை இல்லையென்றால் சோதனையே சரியாக நடக்கவில்லை என்று கொள்ளுங்கள். மூன்றாவதாக எறும்பின் சொந்த 710 பட்டை. நான்காவதாகத்தான் வோல்பாக்கியா.

710 இருக்கிறது, 438 இருக்கிறது: பாக்டீரியாவின் டிஎன்ஏ இருக்கிறது. 710 இருக்கிறது, 438 இல்லை: இந்த எறும்பில் அகப்படவில்லை. இரண்டும் இல்லை: சோதனை தோற்றது, எறும்பைப் பற்றி ஒன்றும் தெரியாது. இதைத்தான் பலர் "இல்லை" என்ற கட்டத்தில் எழுதிவிடுகிறார்கள். 710 இல்லாமல் 438 மட்டும் வந்தால், எறும்பின் ப்ரைமர் அந்த இனத்தில் சரியாக ஒட்டவில்லை என்பது ஒரு காரணம், கலப்படம் இன்னொன்று. சூட்டைக் குறைத்து மீண்டும் செய்யுங்கள்.

இரண்டும் வராத மாதிரியைத் தூக்கி எறியும் முன் டிஎன்ஏவைப் பத்து மடங்கும் ஐம்பது மடங்கும் நீர்த்துப் பாருங்கள். எறும்பு உடலின் நிறப்பொருள்களும் மிச்ச உப்பும் நொதியைத் தடுத்திருந்தால், நீர்த்ததில் பட்டை எழுந்து வரும். டிஎன்ஏ குறைவாக இருப்பதுதான் காரணம் என்று நினைத்து இன்னும் அதிகமாகச் சேர்ப்பவர்கள், தடைப்பொருளையும் சேர்த்தே கூட்டுகிறார்கள்.

438 பட்டை வந்தாலும் அது உயிருள்ள பாக்டீரியாதான் என்று பிசிஆர் சொல்வதில்லை. வோல்பாக்கியாவின் மரபணுத் துண்டுகள் சில பூச்சிகளின் சொந்தக் குரோமோசோமுக்குள்ளேயே நுழைந்து தங்கியிருக்கின்றன. பயறு வண்டு ஒன்றில் இதைக் கண்டிருக்கிறார்கள். ஆகவே "வோல்பாக்கியா டிஎன்ஏ கண்டறியப்பட்டது" என்று எழுதுங்கள். கூட்டுப்புழு, ராணி, வேலைக்கார எறும்பு மூன்றிலும் பட்டை வந்து, டபிள்யூஎஸ்பி என்ற, வோல்பாக்கியாவின் வேறொரு மரபணுவின் ப்ரைமரும் ஒத்துப்போனால் நம்பிக்கை கூடும்.

11. வரிசை படித்தல்

நல்ல பட்டை வந்தவற்றைச் சுத்திகரித்து இரு திசையிலும் சாங்கர் முறையில் படிக்க அனுப்புங்கள். எறும்பின் 710 துண்டையும் சேர்த்து அனுப்புங்கள். உங்கள் இனம் காணல் சரியா என்று அது சொல்லும். வந்த கோப்பில் எழுத்துகளை மட்டும் பார்க்காமல் அலைவரைபடத்தைத் திறந்து பாருங்கள். தொடக்கம் தெளிவாக இருந்து, நடுவிலும் ஒரே இடத்தில் இரண்டு சிகரங்கள் தொடர்ந்து எழுந்தால், ஒரே எறும்பில் இரண்டு வகை வோல்பாக்கியா இருக்கலாம். எறும்புகளில் அது அரிதன்று.

16எஸ் துண்டு மெதுவாக மாறுவது. வோல்பாக்கியா என்று உறுதி செய்ய அது போதும், எந்த வகை என்று பிரிக்கப் போதாது. அதற்கு ஐந்து மரபணுக்களைப் படிக்கும் முறை உண்டு. முதல் ஆய்விலேயே அதில் இறங்க வேண்டியதில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் எண் உதவும்: இந்தோ ஆஸ்திரேலியப் பகுதியின் 50 எறும்பு இனங்களைச் சோதித்து 1998இல் வெளியான ஆய்வில் பாதி இனங்களில் வோல்பாக்கியா இருந்தது. பத்து இனங்களைப் பார்த்து ஒன்றில்கூட வரவில்லையென்றால், கொங்கு எறும்புகள் தனிச்சிறப்பானவை என்று முடிவு கட்டுவதற்கு முன் நான்காம் பகுதிக்குத் திரும்பி, எந்த வயது எறும்பைப் பிடித்தீர்கள் என்று பாருங்கள்.

அட்டவணையில் கூட்டு எண், இனம், எறும்பின் நிலை, சோதித்த எண்ணிக்கை, 710 வந்தவை, 438 வந்தவை என்று ஆறு பத்திகள் போடுங்கள். விகிதத்தை 710 வந்தவற்றை வைத்து மட்டும் கணக்கிடுங்கள். தோற்ற குழாய்கள் வகுக்கும் எண்ணில் சேரக் கூடாது. மிஞ்சிய டிஎன்ஏவை மைனஸ் 20 டிகிரியில் வைத்து, வேலைக்கார எறும்பில் மட்டும் "அகப்படவில்லை" என்று வந்த கூடுகளைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த மழைக்குப் பின் இறகு முளைத்தவை கிளம்பும்போது, அதே கூடுகளிலிருந்து பெண் எறும்புகளைப் பிடித்துச் சோதிக்க வேண்டியிருக்கும்.